வாதி இறங்கிவிட்டது

2024 ஏப்ரல் 16ஆம் தேதி ராத்திரி ஊரிலிருந்து மாமா போன் செய்தார். "துபாய்ல வெள்ளமாமே மாப்ள, நீ எப்படி இருக்க?" நான் இருப்பது ஓமானில், நிஸ்வா பக்கம். துபாய்க்குப் போக வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். ஆனால் எங்கள் தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு வளைகுடா முழுக்கவே துபாய்தான். பதினோரு வருடமாகத் திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது. "நல்லா இருக்கேன் மாமா" என்றேன். டிவியில் பார்த்ததையெல்லாம் அவர் எனக்கே சொன்னார். ஓடுபாதையில் படகு மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகரும் விமானம், ஷேக் சாயித் சாலையில் கூரை மட்டும் தெரிய நிற்கும் கார்கள். போனை வைக்கப்போகும் நேரத்தில், "என்ன இருந்தாலும் பாலைவனத்துல போய் எவனாவது தண்ணில சாவானா? ஓடுற தண்ணில வண்டிய விட்டிருப்பான், கூறுகெட்ட பய" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதே மழை எங்களைத்தான் முதலில் அடித்தது. வடக்கு ஷர்கியாவில், சமத் அல் ஷான் என்ற ஊரில், பள்ளிப் பிள்ளைகள் இருந்த வண்டியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பத்துப் பிள்ளைகள் வரை இறந்துபோனார்கள். அந்த வாரம் ஓமானில் மட்டும் இருபது பேர் அளவில் சாவு. அமீரகத்தில் நான்கு பேர். உலகம் முழுக்கச் சுற்றிய படங்கள் என்னவோ துபாயுடையவை. சாவுகளில் பெரும்பாலானவை எங்கள் மலைப்பக்கம் நடந்தவை. இதையெல்லாம் மாமாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வராததற்குக் காரணம், 'கூறுகெட்ட பய' என்ற அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அதோடு, அந்தக் கூறுகெட்ட பயலாக ஆவதற்கு எனக்கு ஒருமுறை கால் நிமிடம்தான் பாக்கி இருந்தது.

இன்னொரு வெட்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது சேஃப்டி ஆபீசராக. காலையில் நாற்பது பேரை வரிசையாக நிறுத்திவைத்து, வெயிலில் மயக்கம் வந்தால் என்ன செய்வது, சாரத்தில் ஏறும்போது பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று பேசுகிறவன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெளியில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். அதை மீறும் மேஸ்திரியோடு சண்டை போடுவதும் என் வேலைதான். பாலைவனம் என்றால் வெயில், தாகம், மணல் காற்று. தண்ணீர் என் பட்டியலில் இருந்ததே இல்லை, குடிப்பதற்கான தண்ணீரைத் தவிர.

ஒரு ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை

குடும்பங்கள் எல்லாம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த மாதம். நாங்கள் மூன்று பேர் மலையடிவாரத்தில் ஒரு பழைய கிராமத்தைப் பார்க்கப் போனோம். ஒருவர் கீழக்கரைக்காரர், இருபது வருடம் இங்கே இருப்பவர், அரபி சரளமாகப் பேசுவார். எல்லாரும் அவரைக் 'காக்கா' என்போம், அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னொருவன் வந்து நான்கு மாதமே ஆன தம்பி, அறந்தாங்கிப் பக்கம். வண்டி என்னுடைய பழைய கொரோலா.

ஹஜர் மலைகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சட்டை கழற்றிய மலை இது. 3,000 மீட்டர் உயரம் வரை போகிறது, மேலே மரமும் குறைவு, மண்ணும் குறைவு, பெரும்பாலும் வெறும் பாறை. கோடையில் பல நாட்கள் மதியத்துக்குமேல் அதன் தலையில் காலிஃபிளவர் மாதிரி மேகம் திரளும். காலையிலிருந்து சுட்ட பாறை காற்றை மேலே தள்ள, கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் அதோடு சேர, இரண்டு மணி நேரத்தில் வெள்ளை மேகம் கறுத்துவிடும். பாதி நாட்களில் மழை தரைக்கே வராது. மேகத்தின் அடியில் தொங்கும் சாம்பல் திரை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும், நமக்குப் புழுதிக்காற்று மட்டும் மிஞ்சும். அப்படிப் பல தடவை ஏமாந்தவர்கள் என்பதால் அன்றைக்கும் யாரும் மலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது நாலரை மணி இருக்கும். சாலை ஒரு வாதியைக் கடக்கும் இடம். வாதி என்றால் இங்கே வறண்ட ஆறு. நம்மாட்களில் பாதிப் பேர் அதை 'வாடி' என்று சொல்வார்கள், அதை வைத்து வராத ஜோக் இல்லை. சாலை அதைக் கடக்கும் இடம், நாம் தரைப்பாலம் என்று சொல்வோமே, அதேதான். சாலை ஆற்றுப் படுகைக்குள் இறங்கி, படுகையோடு படுகையாகப் போய், அந்தப் பக்கம் ஏறும். ஓரத்தில் வரிசையாக அளவுக் கம்பங்கள், அடியில் வெள்ளை, மேலே சிவப்பு. காலையில் அதே இடத்தை வெறும் கூழாங்கல்லும் நாலைந்து வேலமரமுமாகத் தாண்டி வந்திருந்தோம். இப்போது தாரின்மேல் பழுப்பாகத் தண்ணீர், முப்பது மீட்டர் அகலத்துக்கு, கணுக்கால் அளவு. தலைக்குமேல் சுள்ளென்று வெயில். அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஆறு மாதம் தண்ணீர் ஓடிப் பார்க்காதவனுக்கு வாய்க்கால் அளவு ஓடினாலும் தாமிரபரணிதான்.

கரையில் ஒரு பழைய பிக்கப் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபதுக்குமேல் இருக்கும், வெள்ளை திஷ்தாஷா, கையில் மெல்லிய கம்பு. நாங்கள் நிறுத்தும்போதே பின்னாலிருந்து ஒரு ஃபோர் வீல் வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. தண்ணீரை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு போய், அந்தக் கரையில் ஏறி, ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. தம்பி செருப்பைத் தாரின் ஓரத்தில் கழற்றிவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு ஐந்தாறு அடி உள்ளே நடந்து பார்த்தான். "கணுக்கால்தான்ணே, ஒண்ணுமில்ல." காக்கா பெரியவரிடம் சலாம் சொல்லி விசாரித்தார். அவர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். காக்கா திரும்பி, சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னார்: "வாதி இறங்கிடுச்சாம்."

"இறங்கிடுச்சா? அப்புறம் என்னண்ணே, எடுங்க போலாம்" என்று தம்பி ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

நானும் சாவியைத் திருகினேன். கியரும் போட்டுவிட்டேன். தமிழில் தண்ணீர் இறங்கிவிட்டது என்றால் வடிந்துவிட்டது என்றுதானே பொருள்? காக்காவும் அந்த அவசரத்தில் இன்னொன்றை யோசிக்கவில்லை. ஆனால் இவர்கள் பேச்சில் வாதி இறங்குவது என்றால் மலையிலிருந்து இறங்குவது. வெள்ளம் புறப்பட்டுவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே சொல். ஒருவன் கரையிலிருந்து ஆற்றைப் பார்த்துச் சொல்கிறான், இன்னொருவன் மலையைப் பார்த்துச் சொல்கிறான்.

கார் ஒரு முழம் நகர்ந்திருக்கும். பெரியவர் வந்து பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கத்தவில்லை, தட்டவும் இல்லை, மாட்டின் நெற்றியில் கை வைப்பதுபோல வைத்தார். இன்னொரு கையிலிருந்த கம்பால் மலையைக் காட்டினார். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கருநீலமாக ஒரு சுவர், அதற்குள் மின்னல் டியூப்லைட் எரிய மறுப்பதுபோல விட்டு விட்டு.

ஐந்து கற்கள்

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். அரை மனதோடுதான். அந்த ஃபோர் வீல் வண்டி போன தடம் கண்ணிலேயே நின்றது. பெரியவர் எங்களோடு வாதாடவில்லை. ஓரத்திலிருந்து தேங்காய் அளவில் ஒரு கல்லை எடுத்து, தண்ணீர் தாரைத் தொடும் விளிம்பில் வைத்தார். இரண்டடி தள்ளி மேட்டில் இன்னொன்று. அதற்குமேல் இன்னொன்று. இப்படி ஐந்து கற்கள். வைத்துவிட்டுப் பிக்கப்பின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

காக்கா தன் மொழிபெயர்ப்பைத் திருத்திச் சொல்லி முடிப்பதற்குள் முதல் கல்லைக் காணோம். தம்பி "என் செருப்பு!" என்றான். தாரின் ஓரத்தில் விட்ட ஜோடியில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது, இன்னொன்று சுற்றிச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கக் காலெடுத்தவனைக் காக்கா சட்டையோடு பிடித்து இழுத்தார். தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. டீத்தண்ணி நிறத்திலிருந்து சேற்று நிறத்துக்கு. நுரை வந்தது, சுள்ளி வந்தது, ஆட்டுப் புழுக்கை, பிளாஸ்டிக் பாட்டில்கள், பேரீச்சை மட்டை. இரண்டாவது கல். மூன்றாவது கல்.

குற்றாலத்தில் அருவிக்கரையில் வளர்ந்த எவனுக்கும் இது தெரியும். தண்ணீர் கலங்கி, இலையும் தழையும் வந்தால் மேலே மழை பிடித்துவிட்டது, உடனே கரையேறு. ஐந்து வயதில் மாமாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இங்கே எனக்கு அது உதவவில்லை. காரணம், நான் பார்த்தபோது தண்ணீர் ஏற்கெனவே கலங்கல்தான். இந்த ஊரில் தெளிந்த தண்ணீர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. மாற்றத்தைப் பார்க்க முதலில் பழைய நிலை தெரிந்திருக்க வேண்டுமே.

இருபது நிமிடத்தில் சத்தம் வந்தது. தண்ணீரின் சத்தம் என்று நினைத்தேன். இல்லை. கிரைண்டரில் ஊறாத அரிசியைக் கொட்டி ஓட்டினால் ஒரு கடகடப்பு வருமே, அது, ஆனால் அடிவயிற்றில் கேட்டது. படுகையில் கிடந்த பாறாங்கற்கள் தண்ணீருக்கு அடியில் உருண்டுபோகிற சத்தம் என்று காக்கா சொன்னார். அளவுக் கம்பத்தில் வெள்ளை மறைந்து சிவப்பில் தண்ணீர் ஏறியிருந்தது. காலையில் நாங்கள் போட்டோ எடுத்த வேலமரத்தின் தலை ஆடிக்கொண்டிருந்தது, பிறகு ஆடவில்லை, பிறகு இல்லை. எங்கள்மேல் அதுவரை ஒரு சொட்டு மழை விழவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றி நிறையப் படித்தேன். மணல் தண்ணீரை உறிஞ்சும், அப்புறம் எப்படி வெள்ளம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். குன்று குன்றாக இருக்கும் மணல் உறிஞ்சும்தான். ஆனால் வாதிக்குத் தண்ணீர் வருவது பாறையிலிருந்து. பாறை எதையும் குடிக்காது. வெறும் தரையிலும் கனத்த மழைத்துளிகள் புழுதியை அடித்து மேல்தோலை மெழுகிவிடும், சாணம் மெழுகிய வாசல் மாதிரி. தடுக்க வேரில்லை, புல்லில்லை. நூறு சதுர கிலோமீட்டர் பாறையில் விழுந்த அரை மணி நேர மழை எல்லாம் ஒரே பள்ளத்தாக்கின் வாய்க்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நம் ஊர் ஆறு ஏற ஒரு நாள் எடுக்கும் என்றால் இங்கே ஒரு டீ குடிக்கிற நேரம்.

கார் கணக்கையும் ஒரு நாள் உட்கார்ந்து போட்டேன். கொரோலாவின் அடிப்பகுதி தோராயமாக 8 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தகட்டைத் தொட்ட பிறகு 10 சென்டிமீட்டர் ஏறினால் 800 லிட்டர் தண்ணீரைக் கார் விலக்குகிறது, அதாவது 800 கிலோ எடை குறைந்த மாதிரி. எங்களையும் சேர்த்துக் கார் 1,500 கிலோ. தரையிலிருந்து அடித்தகடு 15 சென்டிமீட்டர் உயரம். ஆக, 35 சென்டிமீட்டர் தண்ணீரில் அது கார் இல்லை, தோணி. முழங்காலுக்குக்கூட வராத தண்ணீர். கதவு இடுக்கு வழியாக உள்ளே தண்ணீர் வரும் என்பதால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் சக்கரம் பிடியை விடுவதற்கு முழுக்க மிதக்கவும் வேண்டியதில்லை, ஓடும் தண்ணீரின் தள்ளு போதும். ஃபோர் வீல் வண்டிகளுக்கு 60 சென்டிமீட்டர் என்று சொல்கிறார்கள். அந்த ஹார்ன் அடித்த ஆசாமி தப்பித்தது அறிவால் இல்லை, பத்து நிமிடத்தால். ஆனால் அவர் அதைப் போய் எப்படிச் சொல்லியிருப்பார்? "வாதியெல்லாம் ஒண்ணுமில்ல, நேராப் போயிட்டேன்" என்றுதான். இப்படித் தப்பித்தவர்கள் சொல்லும் கதைகள்தான் ஊரெல்லாம் இருக்கின்றன. தப்பிக்காதவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

வழி யாருடையது

துபாய் வெள்ளத்தின்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செயற்கை மழை பெய்யவைத்து மாட்டிக்கொண்டார்கள் என்பது அதிகம் சுற்றிய கதை. உப்புத் தூவி அத்தனை பெரிய புயல்மேகத்தை உண்டாக்க முடியாது. அந்தப் புயலின்போது மேகத்தில் உப்புத் தூவும் விமானம் எதுவும் பறக்கவில்லை என்று அமீரக வானிலை மையமும் சொன்னது. இரண்டு நாள் முன்பே ஓமானை அடித்த மழைக்கு என்ன பதில்? துபாய் மூழ்கிய அந்தப் புயலில், அமீரகத்தின் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவானது. துபாயில் ஒரு வருடத்துக்கே சராசரி 100 மில்லிமீட்டரைத் தொடாது. அங்கே தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கியது, டேங்கர் லாரி வைத்து உறிஞ்சினார்கள். மலைப்பக்கம் பிரச்சினையே வேறு; தண்ணீருக்கு வழி இருக்கிறது, அந்த வழியில் நாம் நிற்கிறோம்.

மலைநாட்டில் சமதளமான, செலவில்லாத வழி வாதிதான். ஒட்டகம் போன வழி, பிறகு ஜீப் போன வழி, பிறகு தார் போட்ட வழி. பழைய ஓமானிக் கிராமங்களைப் பாருங்கள், வீடுகள் எல்லாம் சரிவில் ஏறி நிற்கும், பேரீச்சந்தோப்பு மட்டும் கீழே. புதிய காலனிகள் வாதியின் வாயிலேயே வந்துவிட்டன. 2009 நவம்பர் 25 அன்று ஜித்தாவில் நூறு பேருக்குமேல் செத்ததும், தண்ணீர் தன் பழைய தடத்தைத் தேடிக்கொண்டு வந்ததால்தான். இரண்டாயிரம் வருடம் முன்னால் ஜோர்தானின் பெட்ராவில் இருந்த நபதேயர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஊருக்குள் போகும் குறுகிய பாறைப்பிளவின் வாயில் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். அது பாழாகிக் கிடந்த 1963இல் அதே பிளவுக்குள் வெள்ளம் புகுந்து, சுற்றிப் பார்க்க வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்கப்புறம்தான் அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

அமீரகத்தில் 2023 மே மாதத்திலிருந்து, ஓடும் வாதிக்குள் வண்டியை விட்டால் 2,000 திர்ஹம் அபராதம், லைசென்சில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். வேடிக்கை பார்க்கக் கரையில் கூடினாலே 1,000 திர்ஹம். இந்த வேடிக்கை அபராதத்தைக் கேட்டு முதலில் சிரித்தேன். ஆனால் இங்கே மழை வந்தால் யாரும் வீட்டுக்குள் ஓடமாட்டார்கள். ஃபிளாஸ்கில் டீயும் பிள்ளைகளுமாக வாதியைப் பார்க்கப் புறப்படுவார்கள். தப்பு சொல்லவும் முடியாது. அந்தத் தண்ணீர்தான் நிலத்தடிக்குப் போய் ஃபலஜ் என்ற பழைய பாசனக் கால்வாயில் வருடம் முழுக்க வருகிறது. அதைக் கடலுக்குப் போகவிடாமல் நிலத்துக்குள் இறக்குவதற்கென்றே தனியாக அணை கட்டி வைத்திருக்கிறார்கள். கும்பிட வேண்டியதும் ஓட வேண்டியதும் ஒன்றாகவே வந்தால் மனிதன் எதைச் செய்வான்?

2024 மே மாதம், மாமா பேசி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், 17ஆம் தேதி, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாமா அன்றும் போன் செய்தார். "மலைல பேஞ்சிருக்கு மாப்ள, அருவிக்கரைல நிக்கவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார். கூறுகெட்ட பய என்று சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகும் நாங்கள் அங்கேயே இருந்தோம். பெரியவர் பிக்கப்பிலிருந்து பேரீச்சம்பழமும் ஃபிளாஸ்கில் கஹ்வாவும் எடுத்துக் கொடுத்தார். நடுநடுவே அவருக்குப் போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் பேசி முடித்துவிட்டு அந்தக் கரையைப் பார்ப்பார். அங்கே சரிவில் ஏழெட்டு விளக்குகள். மூன்றாவது விளக்கு அவர் வீடாம். காக்கா கேட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் எங்களைக் காப்பாற்ற அங்கே நிற்கவில்லை, அவரும் எங்களை மாதிரி வீட்டுக்குப் போக முடியாமல் நின்றவர். நடந்தால் பத்து நிமிடம். மதியத்திலிருந்து அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்பதரைக்குமேல் ஐந்தாவது கல் தெரிந்தது, பிறகு நான்காவது. முதல் கல்லும் இரண்டாவது கல்லும் திரும்ப வரவே இல்லை, உருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். தண்ணீர் திரும்பவும் கணுக்கால் அளவுதான், சாயங்காலம் நாங்கள் பார்த்த அதே அளவு. ஆனால் நடுவில் பத்தடிக்குத் தார் இல்லை. கருகிய தோசையைக் கல்லிலிருந்து பெயர்த்த மாதிரி பட்டையாக உரிந்து, கீழே ஆள் உயரப் பள்ளம், அதன்மேல் தண்ணீர் மட்டமாக, அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் பள்ளம் இருப்பதே தெரியவில்லை. தம்பி ஒற்றைக் காலில் நின்று, வெறும் காலை மற்றதன்மேல் தேய்த்துக்கொண்டே பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில்தான் எதுவும் செய்ய முடியும் என்றார் பெரியவர். பிக்கப்பில் படுக்கப் போகுமுன் திரும்பி வந்து, சாலையில் மிஞ்சியிருந்த மூன்று கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்துக்கு அப்பால் போட்டார். ராத்திரி யாராவது வந்தால் டயரில் இடிக்குமாம்.